ராத்திரி ஒன்றரை மணி வெடி

ஸ்வீடன் தேசத்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், கிருனா என்று ஓர் ஊர் இருக்கிறது. கோடையில் பல வாரங்களுக்கு அங்கே சூரியன் அஸ்தமிப்பதே கிடையாது. அந்த நடுநிசி வெயிலைக் காண வருகிறவர்கள் ஏராளம். ஆனால் ஊரின் உண்மையான விசேஷம் தரைக்கு அடியில் இருக்கிறது.

அது இரும்புச் சுரங்கம். 1890-ல் தோன்றிய கம்பெனி இன்றும் அங்கே வெட்டிக்கொண்டிருக்கிறது. முக்கியமான தளம் 1,365 மீட்டர் ஆழத்தில்! இரும்புப் பாறையோ நேராக இறங்காமல், சாய்ந்துகொண்டு ஊருக்கு அடியிலேயே போகிறது. கீழே வெட்ட வெட்ட, மேலே நிலம் பிளந்து அமிழ்கிறது. ஆகவே ஊரையே பெயர்த்து வைக்கிறார்கள். கிழக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய புதிய நகர மையம் 2022-ல் திறக்கப்பட்டது. 1912-ல் மரத்தால் கட்டிய தேவாலயத்தை, 2025 ஆகஸ்டு 19, 20 தேதிகளில் சக்கரங்களின்மேல் ஏற்றி, ஐந்து கிலோமீட்டர் நகர்த்திவிட்டார்கள். எடை 672 டன். தேரோட்டம் பார்த்துப் பழகிய நமக்கே பிரமிப்பாக இருக்கிறது!

இரவு ஒன்றரை மணி வாக்கில் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள். கட்டில் லேசாகக் குலுங்கும். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கும். ஊர்க்காரர்கள் புரண்டு படுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். புதிதாக வந்தவர்கள்தான் எழுந்து உட்காருவோம்.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள், கீழ்த்தளத்து மூலையில் ஒரு பூகம்பமானி வைத்திருந்தார். பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பனாமா நாட்டில் தயாராகும் 'ராஸ்பெரி ஷேக்' போன்ற இத்தகைய கருவிகள், 2016 முதல் உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. உள்ளே ஒரு காந்தம். அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச் சுருள். தரை அசைந்தால் காந்தமும் கூடவே அசையும். சுருள் மட்டும் சற்றுப் பின்தங்கும். அப்போது பிறக்கும் துளி மின்சாரம்தான் கம்ப்யூட்டர் திரையில் கோடாக நெளிகிறது.

"இது என் சலவை இயந்திரம்," என்று அம்மாள் ஒரு நெளிவைக் காட்டினார். "இது, காலையில் நீங்கள் மாடிப்படி இறங்கியது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது!

மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணித் தூரம் கணிப்போமே, அந்தக் கணக்கு இங்கேயும் உண்டு. முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் நடுவே ஒரு விநாடி என்றால், அதிர்ச்சி சுமார் எட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் பிறந்தது என்று அர்த்தம். வெடியானது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளுவதால் முதல் அலை 'சுருக்'கென்று எழும்; இரண்டாவது பெரும்பாலும் சோனியாக இருக்கும். பூமி தானே நழுவினால் இரண்டாவது அலைதான் ஓங்கும். ஆனால் ஒற்றைப் பெட்டி தூரத்தைச் சொல்லுமே தவிர, இடத்தைச் சொல்லாது. அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு பெட்டிகள் வேண்டும்.

2020 மே 18 அன்று விடியற்காலை மூன்று மணிக்குமேல் ஊரே குலுங்கியது. அளவு 4.9. அது வெடியல்ல, வெட்டி வெட்டி அழுத்தம் ஏறிய பாறையே நழுவிவிட்டது. சுரங்கத்துக்குள் பெருத்த சேதம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

"முன்கூட்டியே இது சொல்லுமா?" என்று கேட்டேன்.

"ஜோசியம் தெரியாது. சுவரில் விரிசல் கண்டால், எந்த நாள், எத்தனை மணி அதிர்ச்சிக்குப் பிறகு என்று என் கையிலும் ஒரு கணக்கு இருக்குமல்லவா?"

கம்பெனியும் கருவிகள் வைத்து அளக்கத்தான் செய்கிறது. இருந்தாலென்ன? பால் கணக்கைப் பால்காரர் எழுதினாலும், நாமும் காலண்டரில் குறித்து வைக்கிறோமே!

2025-ல் இன்னும் சுமார் 6,000 பேர் வீடு மாற வேண்டும் என்று கம்பெனி அறிவித்தது. அம்மாளின் தெருவும் அதில் சேர்ந்ததாம். நாற்பது வருஷத்துச் சாமான்களில் எதை விடுவது, எதை எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பெட்டி மட்டும் கட்டாயம் போகிறது. புது வீட்டில் எந்த மூலையில் வைப்பது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டார்.