ஆரஞ்சு தங்காத ஆரஞ்சரி

லண்டனின் தென்மேற்கில் இருக்கும் கியூ தாவரவியல் பூங்காவில் ஆரஞ்சரி என்றொரு கட்டடம் உண்டு. குளிர்காலத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைத் தொட்டியோடு உள்ளே வைத்துக் காப்பாற்ற ஐரோப்பியப் பிரபுக்கள் கட்டிக்கொண்ட வகை. இப்போது அங்கே உணவகம் நடக்கிறது. கட்டடப் பாதுகாப்பு படிக்கும் என் அக்கா மகள் லேசர் அளவுகோலோடு மூலை மூலையாக நின்று அளந்தாள். சூப்பு குடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

இளவரசி அகஸ்டாவுக்காகக் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் 1761-ல் கட்டியது இது. செங்கல் சுவர், மேலே வெள்ளைச் சாந்து, வரிசையாக உயரமான வளைவு ஜன்னல்கள். பின்கட்டில் அடுப்பு மூட்டி, சூட்டைத் தரைக்கு அடியில் ஓட்டினார்கள். எல்லாம் யோசித்தவர் வெளிச்சத்தை மட்டும் யோசிக்கவில்லை. கூரை முழுக்க மூடிய கூரை. ஜன்னல் வழியாக வருகிற ஆங்கிலேய வெயில் மரங்களுக்குப் போதவில்லை. ஆரஞ்சு மரங்கள் 1841-ல் வேறு அரண்மனைக்குப் போயின. பிறகு மரக்கட்டை அருங்காட்சியகம், கண்காட்சிக் கூடம், தேநீர்க் கடை என்று கைமாறி இன்று உணவகம்.

இதை வைத்து ஆரஞ்சரிகள் எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. பிரான்சின் வெர்சாயில் கட்டடக் கலைஞர் மான்சார் 1684-க்கும் 1686-க்கும் இடையில் கட்டிய ஆரஞ்சரியின் நடுக்கூடம் மட்டும் 155 மீட்டர் நீளம். அடுப்பே கிடையாது. தெற்குப் பார்த்த ஜன்னலும் தடித்த சுவரும் போதும். இன்றும் இளவேனிலில் மரங்கள் வெளியே போய், இலையுதிர் காலத்தில் திரும்பி வருகின்றன.

ஆரஞ்சரியை முடித்துக்கொண்டு, கியூவில் பனைகளுக்கான கண்ணாடிக் கட்டடமான பனை வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணாடி, கேமரா லென்ஸ் இரண்டிலும் ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது.

"துடைக்காதீங்க சித்தி, சும்மா விடுங்க. சூடு ஏறினா தானா போயிடும்."

அவள் சொன்னபடியே ஆயிற்று. நிமிர்ந்தால், கவிழ்த்துப் போட்ட கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அது வெறும் தோற்றமும் இல்லை. 1844-ல் தொடங்கி 1848-ல் முடிந்த இந்த வீட்டின் வளைவுகளுக்கு, கப்பல் தளத்துக்கென்று உருவான இரும்பு விட்டத்தைத்தான் டப்ளின் இரும்புத் தொழிலதிபர் ரிச்சர்ட் டர்னர் பயன்படுத்தினார். அதனால் நடுவே தூண் நெருக்கடி இல்லாமல் பனைகள் தலை நிமிர இடம் கிடைத்தது. வடிவம் அவரும் டெசிமஸ் பர்ட்டனும் சேர்ந்து முடிவுசெய்தது. 1845-ல் கண்ணாடி வரி நீங்கியதும் நல்ல நேரம். வெயில் இலையைச் சுட்டுவிடும் என்று பயந்து முதலில் பச்சைச் சாயம் கலந்த கண்ணாடியைப் போட்டார்கள். லண்டன் வெயிலுக்கு இவ்வளவு பயமா என்று சிரிப்புத்தான் வருகிறது. 

சுருள் படி ஏறி மேல்நடையில் நின்றபோது என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கண்ணாடிச் சட்டம். அதன் அடி விளிம்பில் நீர் கோத்து, நீண்டு, கீழே ஒரு வாழை இலையில் 'டப்' என்று விழுந்தது. உடனே அடுத்த சொட்டு. அருகே இணைப்பில் வெள்ளைப் பெயிண்ட் செதிலாகக் கிளம்பியிருந்தது. செடிக்கு வேண்டிய சூடும் ஈரமும்தான் இரும்புக்கு எமன். 1984-க்கும் 1988-க்கும் இடையில் வீட்டைக் காலி செய்து பிரித்தே சீர்செய்ய வேண்டியிருந்தது. இடம் மாற்ற முடியாத அளவு வளர்ந்த சில மரங்களை வெட்டி உலர்தாவரத் தொகுப்பில் சேர்த்தார்கள். கண்ணாடி தாங்கும் கம்பிகள் சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குத் துருப்பிடிக்காத எஃகில் புதிதாக வந்தன. கண்ணாடியும் புதிது.

கியூவின் இன்னொரு கண்ணாடிக் கட்டடமான மிதவெப்ப வீட்டில் 2018-ல் முடிந்த வேலை இன்னும் பெரியது: 69,000 உறுப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, பழுதுபார்த்தோ மாற்றியோ பூட்டினார்கள். "கழற்றினதை அதே இடத்துல மாட்டணும்னா ஒவ்வொண்ணுக்கும் நம்பர் வேணும். அதுக்குத்தான் சித்தி இந்த அளவெல்லாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். அசல் பொருள் அதிகம் மிஞ்சியிருக்கும் ஆரஞ்சரிக்குத்தான் மரபு மதிப்பு கூட என்பது அவள் கட்சி. எனக்கு ஒப்பவில்லை. அங்கே சுவர் பழையது, வேலை போய்விட்டது. பனை வீட்டில் கம்பி புதிது, வேலை அப்படியே நடக்கிறது. 1775-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரான்சிஸ் மாசன் கொண்டுவந்த சைக்கட் என்ற செடி அங்கே இன்னும் தொட்டியில் வளர்ந்துகொண்டிருக்கிறதே! அதையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டாமா? "செடி கட்டடத்தோட உறுப்பு இல்லையே" என்றாள். மறுநாள் பார்த்தால், அவளுடைய வரைபடத்தில் அந்தத் தொட்டிக்கு ஒரு வட்டம்.

கியூவுக்குப் பிறகு போன சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் அளக்க அதிகம் இல்லை. ஜோசப் பாக்ஸ்டன் கிரிஸ்டல் பேலஸுக்கு முன்பே அங்கே எழுப்பிய மாபெரும் கண்ணாடி வீட்டுக்கு எட்டுக் கொதிகலன்கள். நிலக்கரி சுரங்கப் பாதையில் வந்தது. முதல் உலகப்போரில் நிலக்கரி இல்லாமல் செடிகள் செத்தன. 1920-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடிச்சுவர் நிற்கிறது, அதற்குள் இப்போது செடிகளாலான புதிர்ப்பாதை. குழந்தைகள் வழி தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகையை அளக்க வேண்டுமாம். கியூவிலிருந்து வந்த ஜான் கேமரூன் காலத்தில், 1889-ல் அடிக்கல் நாட்டியது. அங்கே பக்கங்கள் திறந்தவை, மலர்க்காட்சிதான் நடக்கும், ஆவி அடைபடாது. அதனால் இரும்பு நன்றாகவே இருக்கும் என்றேன்.

"பெங்களூர் மழையை மறந்துட்டீங்களே சித்தி" என்றாள்.