பூவுக்கு முன்னால் போகும் தாள்கள்

தோவாளைச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது இதைத்தான்: "அண்ணாச்சி, புது பிளைட்டு வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். நம்ம பூவு எப்பம் ஏறும்?" நான் சுங்க முகவர், சந்தை மொழியில் கிளியரிங் ஏஜெண்ட். விமானம் வரும் அறிவிப்புக்கும் அதில் முதல் பெட்டி ஏறுவதற்கும் நடுவில் ஓடும் காலத்தில்தான் என் தொழில் நடக்கிறது.

மதுரையை எடுத்துக்கொள்வோம். 2012 செப்டம்பரில் அங்கிருந்து கொழும்புக்கு முதல் விமானம் பறந்துவிட்டது. சரக்கு வாசல் திறக்க அதன் பிறகும் ஆண்டுகள் ஆயின. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், அந்தப் பூ கடல் கடக்க வேறு ஊர் விமான நிலையத்துக்குத்தான் லாரி ஏறியது.

ஏன் என்றால், 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 7-வது பிரிவில் ஒரு நிலையத்தை அறிவிப்பது தொடக்கம் மட்டுமே. 8-வது பிரிவின்படி சரக்கு இறங்கி ஏறும் எல்லையை வரைய வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கும் சரக்குக்குப் பொறுப்பேற்க ஒரு கஸ்டோடியன் வேண்டும். கஸ்டோடியனாக வருகிறவர் 2009-ம் ஆண்டு விதிகளின்படி கிடங்கு, தராசு, காப்பீடு, பிணைப்பத்திரம் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். அங்கே பணிக்கு வரும் சுங்க அதிகாரிகளின் செலவும் அவர் தலையில்தான்: சம்பளம் 100 ரூபாய் என்றால் கட்ட வேண்டியது 185. சிறிய நிலையத்தில் கோப்பு படுத்துவிடும் இடம் இது. அதிகாரி உட்காராமல் சரக்கு வராது. சரக்கு வராமல் அதிகாரிக்குக் கட்டப் பணம் ஏது?

பிறகு பாதுகாப்பு. எக்ஸ்ரே கருவிக்கு ஒரு ஒப்புதல், அதில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தனியாக ஒரு சான்று. கருவி வந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றதையும், பயிற்சி முடித்த ஆள்கள் கருவி இல்லாமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன். யாரும் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் தாள் வரட்டும், இதில் கையெழுத்துப் போடுகிறேன் என்பார்கள். அந்தத் தாளும் இதற்காகத்தான் காத்துக்கிடக்கும். எதற்கு எது முந்தி என்று தெரிந்து வைத்திருப்பதுதான் எங்கள் வித்தை. வேறு பெரிய ரகசியம் இல்லை.

வானத்திலும் வேலி உண்டு. இரு நாட்டு ஒப்பந்தத்தில் ஊரின் பெயர் இருந்தால்தான் அந்த நாட்டு நிறுவனம் அங்கே இறங்கலாம். வளைகுடா நிறுவனங்கள் மதுரைக்கு வராத காரணம் அதுதான். சரக்கு விமானத்துக்காவது 1990-லிருந்து தாராளம் இருந்தது. 2020 டிசம்பரில் அதையும் சுருக்கி, வெளிநாட்டு நிறுவனங்களின் அட்டவணையில்லாத சரக்கு விமானங்கள் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு ஊர்களோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே நமக்கு வாய்த்தது பயணி விமானத்தின் வயிறு. பயணிகளின் பெட்டிகள் போக மிச்சமிருக்கும் இடம்தான் பூவுக்கு.

1956 நவம்பர் 1-ல் தோவாளை இருக்கும் நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. விமான நிலையம் கேரளப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் திருவனந்தபுரத்து நாள்காட்டியும் எங்களுக்கு மனப்பாடம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். சில மணி நேரம் விமானம் ஏதும் கிடையாது. இதை நான் தாமதக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்கூட்டியே தெரிந்த நிறுத்தம் யாரையும் கெடுத்ததில்லை. 2018 மே மாதம் நிபா காய்ச்சல் பரவி, ஐக்கிய அரபு அமீரகம் கேரளக் காய்கனிகளைத் தடுத்ததே, அப்படித் திடீரென்று வருவதுதான் ஆளை முடிக்கும். ஏறுகிற ஊரும் விளைந்த ஊரும் வேறு என்று தாவர நலச் சான்றிதழில் ஒரு எழுத்து பிசகாமல் எழுதுவதன் அருமை அப்போது விளங்கும்.

இத்தனைக்கும் பிச்சிப்பூ காத்திருக்காது. விடியுமுன் பறித்த மொட்டு சாயங்காலம் விரிந்துவிடும். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் ஜெல்லோடு அடைத்து அந்த விரிவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவே. பெட்டிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுக்க வேண்டும். 60, 40, 40 அளவுள்ள பெட்டி 16 கிலோ. உள்ளே பூ அதைவிடக் குறைவாக இருந்தாலும் வாடகை 16 கிலோவுக்குத்தான். புது ஏற்றுமதியாளர்கள் இதைக் கேட்டதும் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

2025-ல் தோவாளை மாணிக்க மாலைக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அரளியும் நொச்சி இலையும் மடக்கிக் கட்டிய அந்த மாலையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது பலரும் வருகிறார்கள். புதிதாக ஒரு நிலையத்தில் சரக்கு தொடங்கப்போவதாகச் சேதி கொண்டுவருகிறவர்களிடம் நான் திறப்பு விழா தேதியைக் கேட்பதில்லை. ஏற்றுமதி ஆவணம் தட்டும் சுங்கக் கணினியில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆறு எழுத்துக் குறியீடு உண்டு, திருவனந்தபுரத்துக்கு ஐஎன்டிஆர்வி4. கடைசி 4 என்றால் விமானம், 1 என்றால் கடல். "அந்த ஊருக்கு 4 விழுந்து, கணினியில வேலை செய்யுதான்னு பாத்துட்டு வாரும்வே. பொறவு பூவுக்கு அட்வான்ஸ் குடுக்கலாம்."