கடைசியாகக் கைவைத்தவர்

புனேயில் எஞ்சினைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கட்கியில் 1946 முதல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ். 1966இல் பிம்ப்ரிப் பக்கம் வந்தது டெல்கோ. அதே ஆண்டில் தொடங்கி, இன்று வேதாள் குன்றின் மேல் உட்கார்ந்து ஊர் வண்டிகளையெல்லாம் சோதிக்கிறது ஏ.ஆர்.ஏ.ஐ. ஆகுர்டியில் பஜாஜ். எங்கள் குடியிருப்பில் மாலை நடைக்கு வரும் பெரியவர்களில் பாதிப்பேர் இவற்றில் எதிலாவது பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஆகவே என் பழைய சூமோவுக்குப் புது ரேடியேட்டர் போட்ட கையோடு ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தபோது, வண்டி நிறுத்துமிடத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது: "ரேடியேட்டர் போட்டவன் ஏதோ பண்ணியிருக்கான்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் எனக்கு அந்தப் பழமொழி மேல் எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. காக்கையின் பாரத்தில் ஒரு பழமாவது விழுந்திருக்கத்தானே வேண்டும்? ரேடியேட்டர் வேலையில் ஆயில் பிரஷரைக் கெடுக்க வழிகள் இருக்கின்றன. சில வண்டிகளில் எஞ்சின் ஆயிலும் ரேடியேட்டர் பக்கம் போய்க் குளிர்ந்து திரும்பும். அந்தக் குழாய் ஒழுகினால் முடிந்தது கதை. என் வண்டியில் அந்த ஏற்பாடு இல்லை. ஆனால் எந்த வண்டியிலும் புதுத் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே காற்று அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் எஞ்சின் கொதிக்கும், ஆயில் நீர்த்துப்போகும், பிரஷர் விழும். கை பட்டு ஆயில் ஸ்விட்சின் ஒயர் தோலுரிந்து இரும்பில் உரசினாலும் விளக்கு எரியும். அப்போது எஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்காது.

விளக்கு எரிந்தால் வண்டியை அணைத்துவிட வேண்டும், பட்டறை வரை ஓட்டிப்போய்க் காட்டலாம் என்ற நினைப்பே கூடாது. கயிறு கட்டித்தான் இழுத்துப்போனோம். தாபோடியிலுள்ள அரசுப் போக்குவரத்தின் எஸ்.டி. பட்டறையில் பேருந்து எஞ்சின்களோடு காலம் கழித்த ஒருவர், ஓய்வுக்குப் பிறகு ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். நான் அவரைக் காகா என்பேன். அவருக்கு நான், எல்லா மதராஸிகளையும் போல, அண்ணா. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அதெல்லாம் இந்த ஊரில் கணக்கில்லை.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். விளக்கு எப்போது எரிகிறது? காலையில் ஸ்டார்ட் செய்தவுடனா, சூடான பிறகா? ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைகிறதா? சூடான பிறகு, நின்றுகொண்டு ஓடும்போது மட்டும்தான், மிதித்தால் அணைந்துவிடுகிறது என்றேன். "அப்போ ஒயர் இல்ல" என்றார். ஒயர் உரசினால் மிதித்தாலும் எரியும், மிதிக்காவிட்டாலும் எரியும். ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் ஒரு குற்றவாளியை விடுவித்த அந்த நிமிடத்தை நான் இன்னும் ரசிக்கிறேன்.

பிறகுதான் டிப்ஸ்டிக். அளவு சரி. ஆயிலை விரலில் தேய்த்தார், மோந்து பார்த்தார்; டீசல் கலந்த வாடை இல்லை. தண்ணீர் கலந்தால் ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்துக்கு வரும். அப்படியும் இல்லை. ஆனாலும் ஒரு தகட்டை அடுப்பில் காய வைத்து ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் சிறிது இருந்தாலும் படபடவென்று வெடிக்குமாம். சொட்டு சத்தமில்லாமல் பரவிப் புகைந்தது. ஹெட் கேஸ்கெட்டும் தப்பித்தது.

அந்த விளக்கு பிரஷரை அளப்பதே இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ அரை கிலோவுக்கு மேலா, கீழா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். காகா ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் செப்புக் குழாயோடு ஒரு கேஜை முறுக்கினார். குளிர்ந்த எஞ்சினில் முள் நாலு கிலோவைத் தாண்டி நின்றது. சூடேற ஏற இறங்கி, அரை கிலோவுக்கருகில் வந்து நடுங்கியது. விளக்கு பொய் சொல்லவில்லை.

பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே, தலைமயிரைவிட மெல்லிய இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வெளியேறுவதால்தான் பிரஷர் பிறக்கிறது. இடைவெளி கூடினாலும், ஆயில் நீர்த்தாலும் பிரஷர் விழும். 15டபிள்யூ-40 ஆயிலுக்கு 40 டிகிரியில் உள்ள கெட்டித்தன்மையில் ஏழில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சும். மெதுவாக ஓடும் எஞ்சினில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும். ஆகவே பேரிங் தேய்ந்த எஞ்சின் தன்னைக் காட்டிக்கொடுப்பது சூடாக, சும்மா நின்று ஓடும்போதுதான்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தோம். முள் கொஞ்சம் ஏறியது. போதுமான அளவு ஏறவில்லை. சம்ப்பை இறக்கினார். பிக் எண்ட் பேரிங் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய மேல்பூச்சு நடுவில் அழிந்து, செம்பு தெரிந்தது.

செம்பைப் பார்த்ததும் காகா கேட்டது, ரேடியேட்டரை எதற்கு மாற்றினாய் என்பதைத்தான். எனக்கு முன்பு வண்டியை வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டியதில் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தது. சித்திரை வெயிலில், ஆள் நிறைந்த வண்டி, சாத்தாரா போகும் வழியில் கம்பட்கி மலைப்பாதையில் ஏறும்போது கொதித்து நின்றது. கோடையில் அந்த ஏற்றத்தின் ஓரம் பானெட்டைத் திறந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்காமல் அப்போது யாரும் போக முடிந்ததில்லை. திரும்பி வந்தவர்களுக்குச் சுரங்கம் இருந்தது, போனவர்களுக்குத்தான் மலை.

அங்கே கொதித்தபோது ரேடியேட்டர் மட்டும் போகவில்லை. ஆயிலும் தண்ணீராய்ப் போயிருக்கும், ஏற்கெனவே தேய்ந்திருந்த பேரிங் அந்தப் பாரத்தில் உரசியிருக்கும். ரேடியேட்டர் போட்டவர் பிறகு செய்தது, ஒழுங்கான மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை: காற்றை வெளியேற்ற எஞ்சினை நன்றாகச் சூடாக்கி வெகுநேரம் நின்றபடியே ஓடவிட்டார். மலையிலிருந்து வந்த பிறகு அந்த எஞ்சின் முதல்முறையாக அப்படி நின்று ஓடியது அப்போதுதான். விளக்கும் அப்போதுதான் எரிந்தது. அவர் நோயைக் கொடுக்கவில்லை. அவர் கைபட்டதால் அது கண்ணில் பட்டது. விளக்கைக் கண்டதும் எஞ்சினை அணைத்து எனக்குப் போன் செய்தவரும் அவரேதான். குடியிருப்பில் இதை விளக்கினேன். டெல்கோ பெரியவர் மட்டும் ஒப்புக்கொண்டார். மற்றவர்களுக்கு இது நீளமான கதையாகப் பட்டது.

கிராங்க்கை மைக்ரோமீட்டரால் அளந்ததில் கீறலோ தேய்மானமோ இல்லை. இருந்திருந்தால் எஞ்சினை இறக்கி, கிராங்க்கைக் கடைந்து, செலவு எங்கேயோ போயிருக்கும். நானா பேட்டில் வாங்கிய ஸ்டாண்டர்ட் அளவுப் பேரிங்குகள் கீழிருந்தே ஏறின. சூடான எஞ்சின் இப்போது ஒன்றேகால் கிலோவில் நிற்கிறது.

சம்ப்பை மூடுவதற்கு முன், இவ்வளவு தூரம் வந்தோமே, ஆயில் பம்ப்பையும் புதிதாகப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். காகா அதன் பற்களுக்கு நடுவே ஃபீலர் கேஜை விட்டு எடுத்தார். "எதுக்கு அண்ணா, அது என்ன பாவம் பண்ணுச்சு?"