நாய் குடித்த தண்ணீர்

தண்ணீர் விஷயத்தில் நாய்க்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தில் மாடு குடித்தது, நாய் குடித்தது, வேற்று மதத்தாரும் குடித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. குளம் எல்லாருக்கும் பொது என்று மகாத் நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது. அது காகிதத்தில் கிடந்தது. நம் ஆட்கள் குடித்த பிறகுதான் குளம் தீட்டாகிப் போனது. 108 குடங்களில் சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்து மந்திரம் ஓதிச் சுத்தம் செய்தார்கள். நாய் குடித்ததற்கு யாரும் மந்திரம் ஓதவில்லை. வழக்கு பத்து வருஷம் இழுத்து 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது.

சண்டாளருக்கு நாயும் கழுதையும்தான் சொத்து என்று எழுதி வைத்தவன் மனு. அந்தச் சொத்தையும் நிம்மதியாக வைத்துக்கொள்ள விட்டார்களா? தென் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் சேரிக்காரன் கடுவன் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த சேதியை நாம் படித்திருக்கிறோம். ஊர்த்தெருப் பெட்டையோடு சேர்ந்துவிடுமாம்!

எங்கள் உத்திரமேரூரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகள், குடவோலை, முப்பது குடும்பு. 2020இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இதைப் புகழ்ந்தார். கல்வெட்டை நானும் எம்.ஏ.வில் படித்தேன். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஏரியை வெட்டியவன் ஒருத்தன்கூட இருந்திருக்க முடியாது. ஆறு பேர் மண்வெட்டியைத் தொட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்க ஆயா ஏரி வேலைக்குப் போனவள். "கர ஒடஞ்சா ராத்திரியில வந்து சேரியத்தான் எழுப்புவானுங்க. கழுத்தளவு தண்ணியில நின்னு மண்ணு மூட்ட போட்டோம். விடிஞ்சா ஊர்க்கெணத்தாண்ட கொடத்த வெச்சிகினு குந்தியிருப்போம், எவளாச்சும் மொண்டு ஊத்தமாட்டாளான்னு. நாயி பாட்டுக்கு வந்து தொட்டித் தண்ணிய நக்கிட்டுப் போவும்" என்பாள். இரட்டைமலை சீனிவாசன் உறுப்பினராக இருந்த சென்னை சட்டமன்றம் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானித்தது 1924இல். சீனிவாசனும் இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்காரர்தான். அந்தச் சேதி எங்க ஆயாவின் கிணற்றடிக்குக் கடைசிவரை வந்து சேரவேயில்லை.

இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லும் தோழர்களுக்காக ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்கு வண்டியைச் சவாரிக்கு விடாமல் அண்ணி, பிள்ளைகள் இரண்டு, நான், எங்க நாய் மணி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஒரு ஏரிக்கரைப் பூங்கா. ஊர்ப்பெயர் வேண்டாம். அனல் காற்றில் புங்கமரத்து நிழலைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்தியதில் வண்டி நின்றது. புளிச்சோறும் கறி வறுவலும் கொண்டு போயிருந்தோம். என்ன கறி என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். எலும்புக்கு மணி ஏற்கெனவே வாலாட்டிக்கொண்டிருந்தது.

காவலுக்கு இருந்தவர் வந்தார். "எந்தூரு?"

"உத்திரமேரூர் பக்கம்."

"உத்திரமேரூருன்னா? ஊரா, காலனியா?"

"காலனிதான்" என்றேன்.

"நாய இங்க உடக்கூடாது. அந்தாண்ட மதகு பக்கம் போய் குந்துங்க."

மதகுப் பக்கம் நிழலே கிடையாது. இருபதடி தள்ளி, காரில் வந்த ஒரு குடும்பத்தின் கொழுத்த வெள்ளை நாய் படித்துறையில் இறங்கி நீந்திக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் ஏழு வயசு. "அத்த, அந்த நாயி மட்டும்?" என்றாள். நான் காவலரைப் பார்த்து அதையே கேட்டேன். பலகையில் பிளாஸ்டிக் கூடாது, மது அருந்தக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. நாயைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அவர் யாருக்கோ போன் போட, மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து சேர்ந்தார். கோபமே இல்லை, சிரித்த முகம். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தப்படி பொது நீர்நிலையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று சொன்னேன்.

"இன்னாம்மா தடுத்துட்டாரு? எந்தூருன்னு கேட்டாரு. கேக்கறது தப்பா? நாய ஓரமா கட்டுன்னாரு. இதுக்குப் போய் சட்டம் பேசறீங்களே!"

இதுதான் இன்றைய சாமர்த்தியம். ஆயா காலத்தில் வாய்விட்டுத் திட்டினார்கள். சாட்சியாவது இருந்திருக்கும். இப்போது நான் காவல்நிலையத்துக்குப் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது? ஊர் விசாரித்தார் என்றா? 2022இல் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்ததையே வருஷக்கணக்கில் விசாரித்தார்களே, ஒரு கேள்வியின் நாற்றத்தை எந்த ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும்?

"எழுந்திரு, போலாம்" என்றார் அண்ணன். "புள்ளைங்க இருக்குது."

"புள்ளைங்க இருக்கறதாலதான் போவக்கூடாது" என்றாள் அண்ணி. நான் எதிர்பார்க்கவேயில்லை. கூட்டம், கொடி என்று நான் அலைவதைக் குறை சொல்கிறவள் அவள். சோற்று அன்னக்கூடையை அதே நிழலில் இறக்கி வைத்து, துண்டை விரித்துப் பரிமாற ஆரம்பித்துவிட்டாள். சிரித்த முகத்துக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார். காவலர் எங்களைப் பார்க்காத மாதிரி பீடி பற்றவைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் மணியை இழுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடின. வெள்ளை நாயும் மணியும் ஒன்றை ஒன்று முகர்ந்தன. காருக்குச் சொந்தக்காரம்மா கூப்பிட்டும் அது போகவில்லை. நானும் அண்ணியும் முழங்கால் வரைக்கும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் மேலே சுட்டது, அடியில் ஜில்லென்று இருந்தது.

அண்ணன் மட்டும் இறங்கவில்லை. நாலு மணி வரைக்கும் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஈரத்தோடு வந்தபோது கேனில் இருந்து தண்ணீர் ஊற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தார்.