லாச்சப்பலில் ஒரு திங்கட்கிழமை

2018-இல் 90 நாள் விசாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பாரிஸை ஒட்டி கிரெத்தேய் என்று ஓர் ஊர். அங்கே பெரிய ஏரி உண்டு. காலையில் அதைச் சுற்றி நடக்கும்போது பழக்கமானவர்தான் இந்த யாழ்ப்பாணத்து நண்பர். வயது 58, உணவகத்தில் சமையல் வேலை. நான் மெட்ராஸ் வழக்கப்படி "சார்" என்று கூப்பிட்டேன். "இந்த நாட்டில என்னைச் சார் எண்டது நீங்கள்தான் அண்ணை" என்று சிரித்தார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று தெரிந்ததும், "திங்கள் எனக்கு லீவு. லாச்சப்பலுக்குப் போவம். ஒரு கடிதமும் காட்ட வேணும்" என்றார்.

லா ஷப்பேல் என்ற பேட்டைதான் பாரிஸ் தமிழர் வாயில் லாச்சப்பல். மெட்ரோவில் 8-ஆம் எண் தடம், பிறகு 4-ஆம் எண் தடம் மாறி, கார் துய் நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். இரண்டு தெரு தாண்டியதும் தமிழ்ப் பலகைகள்! முருங்கைக்காய், வாழைப்பூ, புடவைக் கடை, நகைக் கடை. எங்கள் கே.கே. நகர் முனுசாமி சாலையில் குளிர் அடித்தால் இப்படித்தான் இருக்கும். 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டோம். தேர்த் திருவிழாவில் தெருவிலேயே சிதறுதேங்காய் உடைப்பதை வெள்ளைக்காரர்களும் வந்து பார்ப்பார்களாம்.

பிறகு ஒரு கடையில் இடியப்பமும் சொதியும். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பென்ஷன் அலுவலகம் அனுப்பும் வேலைக் கணக்கு அது. அந்த நாட்டில் பென்ஷனைக் காலாண்டுக் கணக்கில் பார்ப்பார்கள். வருஷத்துக்கு அதிகபட்சம் 4. அவருக்கு 1992 முதல் 1996 வரை எல்லாக் கட்டமும் காலி.

"அப்ப கார்ட் இல்லை அண்ணை. ரெண்டு தரம் அகதி கேஸ் நிராகரிச்சவங்கள். கோப்பை கழுவினது முழுக்கக் கறுப்பில."

அதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் 1997-இல் 2 காலாண்டுதான் போட்டிருந்தது. அவர் கையிலோ அந்த வருஷத்தின் 12 சம்பளச் சீட்டும் இருந்தன, பிளாஸ்டிக் உறையில், மாத வரிசையில்! நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கேயே ஒரு தாள் வாங்கி, பள்ளியில் கற்றுத் தந்த மரியாதைப் பிரெஞ்சில் திருத்தம் கோரிக் கடிதம் எழுதினேன். கடைசி வணக்கமே இரண்டு வரி போகும் பாணி. அவருக்கு வாசித்துக் காட்டினேன். "இவ்வளவு பணிவு வேணுமோ?" என்றார்.

தபாலில் சேர்த்துவிட்டு வரும்போது கேட்டார்: "உங்கட ஊர் ஆக்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோ? நீங்கள் ஏன் விசாவில வந்தனீங்கள்?"

சொன்னேன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். சொல்தா குடும்பங்களில் பலர் எழுதினார்கள். எனக்கு அப்போது 12 வயது. அப்பா எழுதவில்லை. வீடு இங்கே, சொந்தம் இங்கே, அங்கே நமக்கு யாரைத் தெரியும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒரு தாளில எழுதிக் குடுத்தால் சரியோ?"

"அவ்வளவுதான் சார்."

சிரிக்க ஆரம்பித்தார். நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொப்பர் பெரிய மனுசன் அண்ணை" என்றார். கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பும் ரயிலில் அதிகம் பேசவில்லை.

நான் சென்னை வந்து நாலைந்து மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். புதுக் கணக்கு. 1997-க்கு நேரே 4. அதற்கு மேலே ஐந்து வரிகள் அப்படியே காலியாக இருந்தன.