நடந்து வந்த புலிகள்

2022 செப்டம்பர் 17. நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் விமானமேறிக் குவாலியரில் வந்து இறங்கின. அங்கிருந்து ஹெலிகாப்டரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குப் போயின. சென்னை அபிராமபுரத்தில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர், "எழுபது வருஷம் சார், எழுபது வருஷம்" என்று கண் கலங்கச் சொன்னார். அவர் கணக்கு சரிதான். 1947-இல் கொரியா சமஸ்தான மன்னர் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். 1952-இல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் அதே 1952-இல் வந்த ஒரு குறிப்பு, சித்தூர் மாவட்டத்தில் ஒன்று தென்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. சித்தூர் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆக, அது நம் வீட்டுக் கதையும்தான்.

அந்த மகிழ்ச்சியில் நானும் முழு மனதோடு பங்குகொண்டேன். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைப் பற்றிப் பூங்காவில் யாரும் பேசவில்லை. ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கும் நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவுக்கும் டிஎக்ஸ்2 விருது கிடைத்தது. 2010-க்குப் பிறகு புலிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கிய காடுகளுக்கான உலக விருது அது. 2011 வாக்கில் 25 புலிகள் என்று கணக்கெடுத்த காட்டில் விருது வந்தபோது 80. இதில் ஒன்றைக்கூட யாரும் கூண்டில் வைத்துக் கொண்டுவந்து விடவில்லை. எல்லாம் தாமாக நடந்து வந்தவை, அல்லது அப்படி வந்தவற்றின் வழித்தோன்றல்கள். அந்தக் காட்டையும் அதன் நடுவே வாழ்கிறவர்களையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தது. மாசி மாதம் கிளம்பினேன்.

மந்தைவெளியில் பறக்கும் ரயிலைப் பிடித்துப் பூங்கா நகரில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். அந்த வட்டாரத்தில்தான் சென்னையின் பழைய மிருகக்காட்சிசாலை இருந்தது. 1985-இல் வண்டலூரில் புதியது திறக்கும் வரை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கப் போகிறவர்கள் குழந்தைகளை அப்படியே புலிக்கூண்டுப் பக்கமும் அழைத்துப் போவார்கள். என் தலைமுறைச் சென்னைக்காரர்கள் பலரும் முதன்முதலில் புலியைப் பார்த்தது அங்கேதான். அகலம் போதாத கூண்டில் அது முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும்.

ஈரோட்டில் இறங்கி, கோபி வழியாகச் சத்தி பேருந்து. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களால் வழியெல்லாம் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும். சத்தியில் மல்லிகைப் பூவுக்குத் தனிச் சந்தையே உண்டு. பேருந்து நிலையத்தில் பூ மூட்டைகளை ஏற்றி முடித்த பிறகுதான் ஆட்கள் ஏறினார்கள். அங்கிருந்து தாளவாடி வண்டி. ஊர் முடிந்து சற்றுத் தூரத்தில் பண்ணாரி அம்மன் கோயில். பங்குனியில் லட்சக்கணக்கானவர்கள் குண்டம் மிதிக்கும் கோயில். அதைத் தாண்டினால் சோதனைச் சாவடி. சாவடியைத் தாண்டினால் காடு.

திம்பம் மலைப்பாதைக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் உடையும் வேலமும் சீமைக் கருவேலமும் மண்டிய வறண்ட புதர்க்காடு. ஏற ஏற மூங்கிலும் வெக்காலியும் வருகின்றன. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து நின்று, கீழே இறங்கும் லாரி திரும்பி முடிக்கும்வரை காத்திருந்தது. முன் இருக்கையில் இருந்த என்னைப் பார்த்து ஓட்டுநர் கேட்டார்: "புலி பாக்க வந்தீங்களாங்க? நான் பல வருசமா இந்த ரூட்டுதானுங்க. சிறுத்தை எத்தனையோ பாத்துட்டேன். புலி விரல் விட்டு எண்ணிரலாம். அது நம்மளப் பாத்துட்டுத்தான் இருக்குமுங்க." திம்பம் உச்சியில் பனி மூடியிருந்தது. விலகிய ஒரு நொடியில் பவானிசாகர் நீர்ப்பரப்பு கீழே தகடாகத் தெரிந்தது.

இந்த மலையின் பெயரைத் தமிழ்நாடு ஒரு காலத்தில் வேறு காரணத்துக்காகத்தான் கேட்டது. நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய 2000 ஜூலையில் நாளிதழ்களின் முதல் பக்கம் முழுக்கத் தாளவாடிதான். 2004 அக்டோபர் 18-இல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அதிரடிப்படை மெல்ல விலகியது. "அவன் இருந்ததாலதான் காடு தப்பிச்சது" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். தந்தத்துக்காக யானைகளை வீழ்த்தியவன், சந்தன மரங்களைச் சரிவு சரிவாக மொட்டையடித்தவன் காட்டைக் காத்தான் என்பது, இடையில் சிக்கி இரு பக்கமும் அடிவாங்கிய பழங்குடி மக்களுக்குச் செய்யும் அநியாயம். அந்தப் பேச்சில் ஓர் உண்மைத் துளி மட்டும் உண்டு. அச்சம் காரணமாகச் சாலைகளும் விடுதிகளும் தோட்டங்களும் இங்கே பெருகாமல் போயின. கூடவே இன்னொன்று: அந்த ஆண்டுகளில் இந்தக் காட்டுக்குள் போய் யாரும் முறையாகப் புலிகளை எண்ணவும் முடியவில்லை. ஆகவே 25 எண்பதானதில் ஒரு பகுதி, முன்பே இருந்து கண்ணில் படாதவையாகவும் இருக்கலாம். அதற்காக விருதின் மதிப்பு குறைந்துவிடாது. எண்ணத் தொடங்கியபின் மட்டும்தானே காப்பாற்றவும் முடியும்?

எண்ணும் விதம் எளிமையானது, உழைப்புதான் பெரிது. காட்டுத்தடத்தின் இரு ஓரங்களிலும் எதிரெதிராகத் தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். மனிதனுக்குக் கைரேகை போலப் புலிக்கு வரிகள். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறுவேறு என்பதால் இரண்டு பக்கமும் படம் வேண்டும். நடந்துபோய்க் கட்டுவதும், யானை மிதித்து உடைத்ததை மாற்றுவதும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த மலையின் ஊராளி, இருளர், சோளகர் இளைஞர்கள். ஒற்றையடித் தடத்தில் கிடக்கும் எச்சத்தைப் பார்த்தே, முந்தைய நாள் தின்றது கடமானா புள்ளிமானா என்று சொல்லக்கூடியவர்கள். விருதுக்கான படங்களில் இவர்கள் முகம் பெரிதாக வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

புலிகள் எங்கிருந்து வந்தன என்பது வரைபடத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். மேற்கே முதுமலையும் பந்திப்பூரும். வடக்கே பிலிகிரிரங்கன் மலை. வடகிழக்கே மாதேஸ்வரன் மலை. நாகரஹொளே, வயநாடு வரை தொடரும் இந்தக் காட்டுத் தொகுதியைப் போல ஒரே தொடர்ச்சியில் இவ்வளவு புலிகள் வாழும் இடம் உலகில் வேறெங்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடுப்புப் பகுதியில் இருக்கிறது சத்தியமங்கலம். தாயோடு திரியும் குட்டி இரண்டு வயதை ஒட்டிப் பிரிந்து தனக்கென ஓர் இடம் தேடும். பெண் குட்டி பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே தங்கிவிடும். ஆண் குட்டிதான் நெடுந்தூரம் போகும். முதுமலை நிரம்பினால் அது மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கிழக்கு நோக்கி இறங்கும். வந்த இடத்தில் மான் இருந்தால், நீர் இருந்தால், கண்ணி வைக்கும் ஆள் இல்லாதிருந்தால், தங்கும். 2008-இல் சரணாலயமாகி 2013-இல் புலிகள் காப்பகமான சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் காட்டில் இந்த மூன்றும் மெல்ல மெல்லக் கைகூடின. ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் முற்றாக அழிந்து, 2008-இல் ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. மறு ஆண்டு பன்னாவிலும் அதே கதை. அங்கெல்லாம் அது தேவைப்பட்டது, நல்ல வேலையும்கூட. ஆனால் வழி அறுபடாமல் இருந்தால் ஹெலிகாப்டரே வேண்டாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. 2006-இல் மாநிலம் முழுவதும் 76 என்றிருந்த மதிப்பீடு 2022-இல் 306.

ஆசனூரில் தங்கினேன். சாலையோரத் தேநீர்க் கடைக்கார அம்மா சத்தியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசினார். முந்தைய ஆண்டு அவருடைய சினை மாட்டைப் புலி அடித்துவிட்டது. வனத்துறை இழப்பீடு வந்தது. வருவதற்குள் கன்று ஈனும் காலமும் கடந்துவிட்டது. "மாட்டக்கூட விடுங்க. ராத்திரி ரோட்டச் சாத்தினாங்களே, அதைக் கேளுங்க. ஆம்புலன்சு விடறாங்க, இல்லீங்கல. முட்டைக்கோசு லோடு பொழுது சாயறதுக்குள்ள கீழ எறங்கோணும்னா, வெள்ளனா அறுக்கோணும், ஆள் கெடைக்கோணும்."

பெங்களூருக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை இந்தக் காட்டின் நடுவில்தான் ஓடுகிறது. இரவில் வாகனங்களில் அடிபட்டு மானும் சிறுத்தையும் சாவது தொடர்ந்ததால், 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்துத் தடையை நடைமுறைப்படுத்தச் சொன்னது. கனரக வாகனங்களுக்கு மாலை 6 மணி முதல், இலகுரக வாகனங்களுக்கு இரவு 9 மணி முதல், காலை 6 வரை. தாளவாடியில் கடையடைப்பும் மறியலும் நடந்தன; உள்ளூர்க்காரர்களுக்குப் பிறகு சில விலக்குகள் கிடைத்தன.

தடை சரியானது என்றே நினைக்கிறேன். ஆறு மணிக்கு மேல் ஆசனூர்ச் சாலையில் லாரிச் சத்தம் அடங்கிய அரை மணிக்குள் யானைக் கூட்டம் ஒன்று குட்டிகளை நடுவில் வைத்துக் கடந்துபோனதை விடுதி வாசலிலிருந்து பார்த்தேன்; புலிக்கும் அதே சாலைதான், அதே இருட்டுதான். ஆனால் அந்த அம்மா சொன்னதையும் ஒதுக்க முடியாது. அவர் ஊரின் சாலையை நாட்டின் நன்மைக்காக மூடினால், காய்கறியைக் கெடாமல் வைக்க ஒரு குளிர்பதனக் கிடங்கும், இரவில் கீழே ஓடாமல் பிரசவம் பார்க்க எல்லா வசதியும் உள்ள ஒரு மருத்துவமனையும் தாளவாடிக்கு உரிமையாகச் சேர வேண்டும். அபிராமபுரத்தில் இருந்துகொண்டு புலி பெருகியதைக் கொண்டாடும் எனக்கு அதற்கு ஒரு பைசா செலவில்லை. செலவெல்லாம் இவர்களுடையது.

மாயாற்றங்கரைத் தெங்குமரஹாடாவின் நிலை இன்னும் கடினம். நாற்பதுகளின் உணவுப் பஞ்சத்தை ஒட்டி விவசாயம் செய்ய அரசே நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் அது. இன்றும் ஆற்றைப் பரிசலில்தான் கடக்கிறார்கள். குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் இடம்பெயரும் பேச்சு நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. போகச் சம்மதித்தவர்களை இப்படி நடுவில் நிறுத்தி வைப்பது புலிக்கும் நல்லதில்லை, மனிதருக்கும் நல்லதில்லை.

திரும்பும்போது நேராக ஈரோடு போகாமல் அந்தியூர் வழியாகப் பர்கூர் மலைக்குப் போனேன். காரணம் இருக்கிறது. சத்தியமங்கலத்தில் இடம் போதாத இளம் புலிகள் அடுத்துப் போகும் திசை அதுதான். மாதேஸ்வரன் மலைக்கும் காவிரிக் கரைக் காடுகளுக்கும் போகும் பாலமாக அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 805 சதுர கிலோமீட்டரில் தந்தை பெரியார் வனவுயிரினச் சரணாலயத்தை அரசு 2023-இல் அறிவித்தது. பர்கூர் மாட்டினமும் இங்கேதான். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகள், ஒல்லியான உடல், மேட்டில் ஓடினால் பிடிக்க முடியாது. காலங்காலமாக இவற்றைக் காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்தவர்கள் இங்குள்ள லிங்காயத்துகளும் சோளகர்களும். 2022-இல் உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகங்களுக்கும் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் மட்டும் என்று சுருக்கியது. பின்னர் இந்த மலையே சரணாலயமாகிவிட்டது.

தாமரைக்கரையில் ஒரு பெரியவர் என்னைத் தம் பட்டிக்கு அழைத்துப்போனார். புலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எங்க தாத்தா காலத்துல புலியும் இருந்துச்சு, பட்டியும் இருந்துச்சுங்க. வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு போகும். மாதேசுவரன் எடுத்துக்கிட்டாருன்னு விட்டுருவோம்" என்றார். பிறகு, "சென்னையில இருக்கறீங்க, அங்க யாராச்சும் பட்டின்னா என்னன்னு கேட்டா இதைச் சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். முள் அடைப்பு ஆளுயரத்துக்கு. கன்றுகள் நடுவில், கிழட்டு மாடுகள் ஓரத்தில். பள்ளத்தைப் பார்த்த பக்கம் இரவெல்லாம் நெருப்பு, நாய்கள் இரண்டு. பால் கொஞ்சம்தான், வீட்டுக்கே சரியாகிவிடும். வருமானம் சாணத்திலும் காளையிலும். எரு கீழ்நாட்டுத் தோட்டங்களுக்குப் போகும். காளைகள் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு. மழை விட்டால் பட்டியை அடுத்த இடத்துக்கு மாற்றுவார்கள், பழைய இடத்தில் புல் முளைக்கும், மான் வரும். எங்கே எத்தனை பட்டி இருக்கலாம், எந்தப் பள்ளத்தைப் புலிக்கு விட்டுவிடலாம் என்று தம்மால் இடம் இடமாகச் சொல்ல முடியும், அதை எழுதிக்கொள்ள ஒருவரும் இதுவரை இந்தப் பட்டிக்கு வரவில்லை என்றார். நான் நோட்டை எடுத்தேன். அவர் முதல் பள்ளத்தின் பெயரைச் சொன்னார்.