படலையடியில் ஒரு காவல்

நாய் இறந்ததற்காக வளர்ந்தவர்கள் கண்கலங்குவதை நம்மவர் நகைப்புக்குரியதாகவே கருதுகின்றனர். ஒருவனை இழிவுபடுத்த 'நாயே' என்று விளிப்பதும், அதே நாயிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவதும் நமக்கு முரண்பாடாகத் தோன்றுவதில்லை.

தமிழகத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டுக் கூறுகிறது. எண்ணற்ற உழைப்பாளிகளின் பெயர்களை மறந்துவிட்ட வரலாற்றில், ஒரு நாயின் பெயர் நன்றியோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் நாம் படித்த இச்செய்தியின் பொருளை எமக்கு உணர்த்தியது எம் வீட்டு ஜிம்மி.

2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எம் ஊருக்கு மீண்டோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. தறப்பாள் கட்டிய கொட்டிலுக்குப் பற்றைக்குள்ளிருந்து ஒரு குட்டி வந்து சேர்ந்தது. முகாமில் எம்மைச் சுற்றி முட்கம்பி வேலி இருந்தது, காவல் பிறருடையது. இங்கோ வேலியே இல்லை. ஆயினும் ஒரு நள்ளிரவில் அக்குட்டி எழுந்து நின்று குரைத்தது. எமது எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை அது அறிந்திருந்தது. "இப்பதான் இது வீடு" என்றார் அம்மா.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதன் வயிற்றில் கட்டி கண்டது. 2022 யூன் இறுதி. எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே வழங்கப்பட்ட நாட்கள். மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு.

"மனிசருக்கே மருந்தில்லை, நாய்க்கு என்ன மருந்து, மாஸ்டர்?" என்று கேட்டார் அயலிலுள்ள கூலித் தொழிலாளி ஒருவர். நீரிழிவுக்கான குளிசை கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர் அவர். கேள்வி நியாயமற்றதன்று. ஆனால் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி கரைந்தமைக்கு எந்த நாயும் பொறுப்பன்று, அவரும் பொறுப்பல்லர். பற்றாக்குறை வந்ததும் பேசத் தெரியாத உயிரின் பங்கை முதலில் வெட்டுகிறோம். அடுத்து வெட்டப்படுவது பேசியும் கேட்கப்படாதவனின் பங்கு.

இதை நாம் அவருக்கு விளக்க நேரவில்லை. மறுநாள் காலையில் ஜிம்மியைக் கடகத்தில் வைத்துச் சைக்கிளில் கட்டியபோது, அவரே வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். வெயிலில் உருட்டியபடியே மிருக வைத்தியரிடம் சென்றோம். குணமாக்க வழியில்லை, வேதனையை முடித்து வைக்கலாம் என்றார் வைத்தியர். முடிவைச் சொல்ல எமக்கு நா எழவில்லை. பின்னால் நடந்து வந்திருந்த அம்மா தலையசைத்தார்; ஊசி ஏற்றப்படும்வரை அதன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. அதன் கண்கள் இறுதிவரை அவரையே பார்த்திருந்தன.

படலையடியில் குழி வெட்டியவர் அந்த அயலவர்தான். கூலி கொடுக்க முற்பட்டபோது, "என்ரை வளவையும் பாத்த நாயல்லோ" என்று மறுத்துவிட்டார்.

இரக்கம் அளந்து பங்கிடும் அரிசியன்று. ஓர் உயிருக்குக் கொடுத்தால் மற்றோர் உயிருக்குக் குறைந்துவிடுவதன்று. தன் மருந்துக்கே வழியற்றிருந்த ஒருவர் மண்வெட்டியோடு வந்து எமக்குக் கற்பித்த பாடம் இது. எந்தப் பாடநூலிலிருந்தும் இதனை இவ்வளவு தெளிவாக நாம் மாணவருக்குச் சொல்லியிருக்க முடியாது.